மேடைப் பாலின் டி.ஆர்.சி.: கன்சோல் அறிவிப்புகளைப் பேராக் முறையில் அளந்த ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

கன்சோல் தயாரிப்பாளர்கள் மேடை ஏறிப் பேசுவதை எப்படி மதிப்பிடுவது என்பதில் உலகத்தில் இன்றுவரை ஒருமித்த முறை கிடையாது. லாஸ் ஏஞ்சலஸில் 1995 மே மாதம் தொடங்கிய ஈ3 கண்காட்சி, இனி நடக்காது என்று 2023 டிசம்பர் 12ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. அதுவரை ஒவ்வொரு முறையும் காட்சி முடிந்த கையோடு எழுந்த கேள்வி ஒன்றே: "யார் ஜெயித்தது?" ஈப்போ புந்தோங்கில் ஒரு மாமாக் கடையில் இக்கேள்வியைக் கேட்டால் மேசைக்கு ஒரு பதில் கிடைக்கும். ஒருவர் கைதட்டலை வைத்துச் சொல்வார். ஒருவர் டிரெய்லர் பார்த்துத் தனக்கு மயிர்க்கூச்செறிந்ததைச் சட்டைக் கையை மடித்துக் காட்டுவார். ஒருவர் சென்ற ஆண்டே சோனிதான் என்று முடிவெடுத்துவிட்டதால் இந்த ஆண்டுக்கும் அதுவே போதும் என்பார். இவை எவையும் அறிவியல் அல்ல.

ஆனால் பேராக் மாநிலத்தில், வெள்ளையாக வழிந்து வருகிற ஒன்றில் சரக்கு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கண்டறியும் முறை ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவந்திருக்கிறது. கோலக்கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்பதால் இம்முறையின் தொன்மை பற்றி யாரும் ஐயப்பட வேண்டியதில்லை. இதைக் கன்சோல் துறைக்குப் பொருத்திப் பார்க்க இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் முன்வராதது வியப்பு. அக்குறையை இக்கட்டுரை போக்குகிறது.

அளவுமுறை

பால்மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். மங்கு மங்காக ஊற்றி, வாளியை நிரப்பி, காண்டாவில் தூக்கிவந்து ஸ்டோரில் கொட்டுகிறவருக்கு, கொட்டிய பாலின் கனத்துக்குக் கூலி இல்லை. அது காய்ந்தால் தேறும் ரப்பருக்குத்தான் கூலி. தேறும் அந்த விகிதத்துக்குப் பெயர்தான் டி.ஆர்.சி. ஸ்டோரில் நிற்கும் கிராணி, அதாவது கணக்கெழுதும் எழுத்தர், மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். சந்தேகம் தட்டினால் கொஞ்சம் பாலைத் தனியே எடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, தட்டையாக உருட்டிக் காயவைத்து நிறுத்துப் பார்ப்பார்கள். வாளியில் கால்வாய்த் தண்ணீரைக் கலந்தவர் பெயர் மறுநாள் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் கூட்டத்தில், கொஞ்சம் உரக்கவே கூப்பிடப்படும்.

இக்கட்டுரையாளரின் பெரியப்பா, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் ஸ்டோர் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். மரங்களை அழித்துச் செம்பனை போட்ட பிறகு ஈப்போவுக்குக் குடிவந்தார். கன்சோல் மேடைகளை அவர் எங்களோடு உட்கார்ந்து பார்ப்பார், தூக்கம் வராததால். ஆங்கிலப் பேச்சில் பாதியை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. இருந்தும் அவர் தீர்ப்புகள் பிழைத்ததில்லை என்பதே இவ்வாய்வுக்கு வித்திட்டது.

பொருத்தம் இவ்வாறு அமைகிறது. மேடையில் பேசப்படுவது எல்லாம் பால். அதில் நன்றி நவிலல், ரசிகர்களால்தான் நாங்கள் என்பது, கண்கலங்குவது, பழைய விளையாட்டுகளின் துண்டுகளை ஒட்டி எடுத்த மூன்று நிமிடப் படம், இன்னோர் உயர் அதிகாரியை மேடைக்கு அழைத்துக் கட்டிப்பிடிப்பது ஆகியவை தண்ணீர். வெளிவரும் தேதி, மேடையிலேயே ஓடிக்காட்டிய விளையாட்டு, பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்ற விவரம் ஆகியவை ரப்பர். விலைதான் அமிலம். விலை விழுந்த நொடியில் கட்டி ஒரு பக்கம் திரளும், நீர் ஒரு பக்கம் ஒதுங்கும். அதுவரை எது எதுவென்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது.

நேரம் பற்றிய ஒரு விளக்கம்

பால் விடியுமுன் நன்றாக வடியும். மரத்துக்குள் நீரழுத்தம் அப்போது மிகுதி. வெயில் ஏற ஏறக் குறையும். பெரட்டு இருட்டிலேயே நடந்ததற்கும் காரணம் அதுவே. கலிபோர்னியாவின் கோடைக்கால நேரம் மலேசியாவுக்குப் பதினைந்து மணி பின்தங்கியது என்பதால், ஈ3 மேடைகள் பலவும் நமக்குச் சரியாகத் தோட்டத்து வேலை நேரத்தில் வந்து விழுந்தன.

2013 அட்டவணையை எடுத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்ட் ஜூன் 11 பின்னிரவு 12:30. ஈ.ஏ. அதிகாலை 4:00, அதாவது தோட்டத்தில் அடுப்பு மூட்டும் வேளை. யூபிசாஃப்ட் 6:00, முதல் வரிசை மரங்களில் உளி விழுந்திருக்கும். சோனி 9:00 மணிக்கு ஏறி, விலையைச் சொல்லும்போது பதினொன்றை நெருங்கிவிட்டது: ஸ்டோரில் பால் நிறுக்கும் நேரம். இதைத் தற்செயல் என்று தள்ளுகிறவர்களோடு வாதிட விருப்பமில்லை. (தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. தள்ளாமல் இருந்திருந்தால் மைக்ரோசாஃப்ட் மிகச்சரியாக நள்ளிரவில் மேடை ஏறியிருக்கும். அந்த மாற்றத்தின் விளைவுகளை ஆராய்ந்தவர்கள் இதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.)

இருட்டில் பார்த்த அறிவிப்புகளின் மீது நமக்கு ஏன் அவ்வளவு மயக்கம் என்பதும் இதனால் விளங்குகிறது. பொழுது விடிந்து, வேலைக்குப் போய், மதியம் அதே படத்தைக் கைப்பேசியில் மறுபடி போட்டால் அது ஒட்டுப்பாலாக இறுகிக் கிடக்கும்.

தூய மாதிரி: 1995

அளவுகோலின் உச்சியைக் குறிக்க ஒரு தூய மாதிரி வேண்டும். அது முதல் ஈ3யிலேயே கிடைத்துவிடுகிறது. சேகா நிறுவனத்தின் டாம் கலின்ஸ்கி மேடையேறி, செப்டம்பரில் வரவேண்டிய சாட்டர்ன் இயந்திரம் இப்போதே குறிப்பிட்ட சில கடைகளுக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்றும் விலை 399 டாலர் என்றும் அறிவித்தார். தேதி உண்டு, சரக்கு உண்டு, விலை உண்டு. நல்ல பால்தான். ஆனால் சரக்கு கிடைக்காத கடைகள் கடுப்பாயின, கே.பி. டாய்ஸ் சேகாவையே தன் அலமாரியிலிருந்து ஒதுக்கியது. அதே கண்காட்சியில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் பேச அழைக்கப்பட்டார். வந்தார், 299 என்று ஓர் எண்ணைச் சொன்னார், இறங்கிப் போனார்.

அன்றைய மாற்றுக் கணக்கில் டாலர் ஏறக்குறைய இரண்டரை வெள்ளி (ரிங்கிட்). இரண்டு எண்களுக்கும் இடையே இருநூற்றைம்பது வெள்ளி. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இப்பேச்சின் டி.ஆர்.சி. நூறு. இயற்கையில் எந்த மரமும் இப்படிப் பால் தராது. பல ஆண்டுகள் கழித்து இதன் கதையைக் கேட்ட பெரியப்பா முதல்முறையாக ஒரு கம்பெனிக்காரரைப் பாராட்டினார்: "அந்த ஆளு கிராணியா இருந்திருக்கணும்டா."

கலப்படம்: 2005, 2006

சோனி 2005இல் காட்டிய கில்சோன் படம் பலரது உறக்கத்தைக் கெடுத்தது. அது ஓடும் விளையாட்டு அல்ல, முன்கூட்டியே வரைந்து எடுத்த படம் என்று பின்னர் தெரியவந்தது. உண்மை விளையாட்டு 2009இல்தான் வெளிவந்தது. அதே மேடையில் காட்டிய, வளைதடி போன்ற கட்டுப்பாட்டுக் கருவியோ வெளிவரவே இல்லை. ஸ்டோர் மொழியில் இது தண்ணீர் கலந்தது ஆகாது. பக்கத்துத் தோட்டத்துப் பாலைக் கொண்டுவந்து தன் வாளியில் காட்டியது, அபராதம் வேறு.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தை எந்த ஆய்வாளராலும் தவிர்க்க முடியாது. 'கெஞ்சி' (Genji) என்ற விளையாட்டை விளக்கியவர், இது பழைய ஜப்பானில் உண்மையிலேயே நடந்த போர்களை ஆதாரமாகக் கொண்டது என்றார். சற்று நேரத்தில் திரையில் ஒரு மாபெரும் எதிரி நண்டு வந்தது. அதன் பலவீனமான இடத்தில் அடிக்க வேண்டும் என்று அவர் அதே நிதானத்தோடு விளக்கினார். இணைய உலகம் இதற்குச் சிரித்தது. இக்கட்டுரையாளரின் நிலைப்பாடு வேறு. நண்டு ஓடிக்காட்டிய விளையாட்டு. அது மேடையில் நடந்தது. ஆகவே நண்டு ரப்பர்தான். அன்று கூட்டத்தைக் கவிழ்த்தது கடைசியில் விழுந்த அமிலம்: 20 ஜிபி 499 டாலர், 60 ஜிபி 599 டாலர். பெரியது வெள்ளியில் இரண்டாயிரத்துக்கு மேல். அளவுக்கு மீறி அமிலம் ஊற்றினால் கட்டி கெட்டுப்போகும் என்று ஸ்டோரில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள்.

அமோனியா என்னும் சிக்கல்

இங்கே நம் கோட்பாட்டுக்கு ஒரு கடும் எதிர்ச்சான்று வருகிறது. அதே 2006 ஈ3யில் நிண்டெண்டோ வீ இயந்திரத்துக்கு விலையே சொல்லவில்லை. 249.99 டாலர் என்ற எண் செப்டம்பரில்தான் வந்தது. அமிலமே விழாத பால். ஆயினும் அரங்கத்தில் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றது வீயைத் தொட்டுப்பார்க்கத்தான். நம் முறைப்படி இது அளக்கவே முடியாத ஒன்று. ஆனால் வெற்றி கண்முன் நிற்கிறது.

தீர்வு கமுண்டிங் பக்கக் கையுறை ஆலைகளில் கிடைத்தது. கையுறைக்குப் போகும் பாலை உறையவிட மாட்டார்கள். அமோனியா சேர்த்து நீர்மமாகவே வைத்து, செறிவாக்கி விற்பார்கள். நிண்டெண்டோ அமோனியா போடும் கம்பெனி. அதன் பேச்சு கடைசிவரை உறையாது, கெடவும் கெடாது. பக்கத்தில் போனால் ஒரு நெடி மட்டும் அடிக்கும். 2011இல் நிண்டெண்டோ டைரக்ட் என்று நேரடி ஒளிபரப்பைத் தொடங்கியதும், 2013 முதல் ஈ3யின் பெரிய மேடையைக் கைவிட்டதும் இதன் இயல்பான தொடர்ச்சியே.

நிண்டெண்டோவும் தடுக்கி விழுந்ததுண்டு. 2008இல் வீ மியூசிக்கைக் காட்ட ரவி டிரம்ஸ் என்ற மேடைப்பெயர் கொண்ட கலைஞர் வந்து, முன்னால் முரசே இல்லாமல் காற்றில் அடித்து இசைத்தார். நம்மவர் பெயர் என்று நாங்கள் ஆவலோடு நிமிர்ந்தோம். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயில்வரை உருமி மேளத்தோடு நடக்கிற கூட்டத்துக்கு முன்னால் அதை வைத்தது தவறு. தோல் இல்லாத வாத்தியத்தை அவர்கள் தரவாகவே ஏற்க மறுத்தனர். அக்கருத்தைக் குறித்துக்கொண்டு மேலே செல்கிறோம்.

இலவசப் பால்: 2010

மைக்ரோசாஃப்ட், உடலசைவை உணரும் கினெக்ட் கருவியை அறிமுகப்படுத்த சர்க் து சொலேய் சர்க்கஸ் குழுவையே அழைத்துவந்தது. வந்தவர்கள் எல்லாருக்கும் வெள்ளை அங்கி மாட்டிவிட்டு அதில் விளக்கும் எரியவிட்டார்கள். மறுநாள் கூட்டத்தில் புதிய எக்ஸ்பாக்ஸ் 360ஐ வந்திருந்த அனைவருக்கும் இலவசமாகத் தருவதாக அறிவித்தபோது, எழுத வந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்துக் கத்தினார்கள். கினெக்டின் விலை மட்டும் இரண்டு நாளும் மேடையில் வரவில்லை. சர்க்கஸ் முழுதும் தண்ணீர். இலவசமாகக் கிடைத்த இயந்திரமோ ரப்பர்தான். ஆனால் அது மண்டோர் மச்சினனுக்குப் போன ரப்பர், நம் கணக்கில் வராது.

கினெக்டுக்கும் லயத்து வீட்டுக் கூடத்துக்கும் உள்ள உறவு தனி ஆய்வேட்டுக்கு உரியது. ஒருவர் ஆட ஆறடி, இருவர் ஆட எட்டடி தள்ளி நிற்க வேண்டும் என்றது கருவி. சாமி படம், சோபா, துவைக்கும் இயந்திரம், சைக்கிள் இவை போக எங்கள் கூடத்தில் மிஞ்சிய இடத்தில் நின்றால் கருவிக்குத் தெரிந்தது தொடை மட்டுமே. தெருவில் நின்று ஆட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா அதைக் காலை உடற்பயிற்சி என்று நினைத்துத் தானும் சேர்ந்துகொண்டார்.

மையத் தரவு: 2013

இவ்வாய்வின் முதுகெலும்பு இந்த ஆண்டு. மேடைக்குச் சில நாள் முன்பே மைக்ரோசாஃப்ட் எழுத்தில் வெளியிட்டுவிட்டது: எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தைத் தொட்டுக் கணக்குக் காட்ட வேண்டும், வாங்கிய விளையாட்டுத் தட்டை இன்னொருவருக்குக் கொடுப்பதற்கும் விதிகள் உண்டு. தினமும் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டும் என்பதே இதன் பொருள். வராதவனுக்கு அன்று விளையாட்டு இல்லை. பெரியப்பாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தட்டு என்பது பேராக்கில் ஒருவருக்கு மட்டும் சொந்தமான பொருளாக இருந்ததே இல்லை. யிக் ஃபூங் வளாகத்தில் ஒருவன் வாங்குவான். அவன் முடித்ததும் செம்மோரில் இருக்கும் மாமா மகனுக்குப் போகும்; தைப்பிங்கில் ஒரு கல்யாணத்தில் கைமாறும்; கீறலோடு திரும்பி வந்து பாதி விலைக்குக் கடைக்கே போகும். ஸ்ட்ரீமிக்ஸ் இணையக் கம்பி பல தோட்டங்களுக்கு எட்டியதில்லை. அங்கே 24 மணி நேரத்துக்கு ஒருமுறை எதைப் போய்த் தொடுவது? இணையம் இல்லாதவர்களுக்கு எங்களிடம் ஒரு பொருள் இருக்கிறது, அதற்கு எக்ஸ்பாக்ஸ் 360 என்று பெயர், என்ற பொருளில் மைக்ரோசாஃப்ட்டின் டான் மேட்ரிக் அந்த வாரமே ஒரு பேட்டியில் சொன்னார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொனி பழக்கமானது. பிடிக்கவில்லை என்றால் வேறு தோட்டம் பார் என்று சொல்லும் துரையின் தொனி அது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோபத்துக்கு எங்களுக்கு உரிமையே கிடையாது. முதலில் வெளியாகும் என்று மைக்ரோசாஃப்ட் தந்த 21 நாடுகளின் பட்டியலில் மலேசியா இல்லை. ஜப்பான் உட்பட ஆசிய நாடு ஒன்றுகூட இல்லை. பெயர் இல்லாத பெரட்டில் நின்றுகொண்டு, இரவு இரண்டு மணிக்கு, 499 டாலர் என்ற எண்ணைக் கேட்டுத் தேநீர்க் கோப்பையை ஓங்கி வைத்தோம். மேடையில் அந்த 24 மணி விதி பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. டி.ஆர்.சி. நன்றாகவே இருந்தது என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறோம்: விளையாட்டுகள் வரிசையாக வந்தன. பாலில் குறையில்லை. வாளியில் ஓட்டை.

சோனி ஒன்பது மணிக்கு ஏறியது. பழைய தட்டுக்குத் தடையில்லை, இணையத்தைத் தொட வேண்டியதில்லை என்று ஜாக் டிரெட்டன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அரங்கம் எழுந்து கத்தியது. ஒருவர் இன்னொருவர் கையில் தட்டைக் கொடுப்பதை மட்டும் காட்டும் 22 விநாடிப் படம் ஒன்றையும் வெளியிட்டார்கள். விளையாட்டைப் பகிர்வது எப்படி என்பதற்கான செய்முறை விளக்கம் அது. கடைசியில் ஆண்ட்ரூ ஹவுஸ் 399 என்றார்.

வேறுபாடு நூறு டாலர். அப்போதைய மாற்றில் முந்நூறு வெள்ளிக்குச் சற்று மேல். அந்த ஆண்டு ஜனவரியில்தான் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று நடைமுறைக்கு வந்திருந்தது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் அந்த நூறு டாலர் ஒன்பது நாள் கூலி. எதிர்த்தரப்பின் விதியைக் கேலி செய்யும் 22 விநாடிக்கு இணைய உலகம் சிரித்தது. ஒன்பது நாள் கூலிக்கு நாங்கள் சிரித்தோம். இரண்டும் ஒரே கைதட்டலாகக் கேட்டது.

ஆனால் ஸ்டோரில் நின்ற கண் வேறு மாதிரி. இனி இணையத்தில் பிறரோடு ஆட மாதச் சந்தா கட்ட வேண்டும் என்பதும் அதே மேடையில்தான் சொல்லப்பட்டது. கைதட்டல் ஓயாத இடமாகப் பார்த்து, மெதுவாக. கேமரா பெட்டிக்குள் இல்லை. எக்ஸ்பாக்ஸிலோ கினெக்ட் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பெரியப்பா இதை மட்டும் கவனித்திருக்கிறார். "நல்லா ஊத்துனான். ஊத்தும்போது இடது கையால கொஞ்சம் தண்ணியும் விட்டான். நீங்க கைதட்டிக்கிட்டிருந்தீங்க."

ஜூன் 19ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விதிகளைத் திரும்பப் பெற்றது. ஜூலை முதல் தேதி டான் மேட்ரிக் ஜிங்கா நிறுவனத்துக்குப் போகிறார் என்ற செய்தி வந்தது. துரைகள் தோட்டம் மாறுவது இதைவிட மெதுவாகத்தான் நடக்கும்.

பெயரிடல் குறித்து, இடைக்குறிப்பாக

1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் தன் மரவகைகளுக்கு எண் வைத்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 501, 600, 901, பிறகு 2000 வரிசை. எண் கூடினால் மரம் புதிது என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். எக்ஸ்பாக்ஸ் வரிசை: எக்ஸ்பாக்ஸ், 360, ஒன், ஒன் எக்ஸ், சீரிஸ் எக்ஸ். இதில் எது புதிது என்று கேட்டு ஈப்போவில் ஒரு தகப்பன் பிள்ளையின் பிறந்தநாளுக்குத் தவறான பெட்டியை வாங்கி வந்தால் குற்றம் யாருடையது? இது குறித்து நாம் மேலும் எழுதப்போவதில்லை. கோபம் ஆய்வுக்கு உதவாது.

மறுப்புகளும் விடைகளும்

ரப்பரில் மலேசியாவின் உலக முதலிடம் 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துக்குப் போய்விட்டதே, இந்த அளவுமுறை காலாவதியானதல்லவா என்று கேட்கப்பட்டது. முதலிடம் போனது; மெட்ரோலாக் போகவில்லை.

விலையை மட்டும் வைத்துக் கலையை அளக்கலாமா என்பது அடுத்தது. கேட்டவர் தன் சொந்தக் காசில் கன்சோல் வாங்கியவர் அல்லர் என்று விசாரணையில் தெரிந்ததால் தள்ளுபடி.

ஈ3யே இல்லாதபோது இந்த ஆய்வு எதற்கு? சோனி 2019லேயே ஈ3க்கு வராமல் நின்றுவிட்டது. இப்போது ஆளுக்கொரு ஒளிபரப்பு வைத்துக்கொள்கிறார்கள். ஒரே ஸ்டோரில் எல்லார் பாலையும் வரிசையாக வைத்து நிறுத்த காலம் முடிந்து, அவரவர் வீட்டு வாசலிலேயே அவரவர் நிறுத்துச் சொல்கிறார்கள். அளவுகோல் முன்னைவிட இப்போதுதான் தேவை.

அண்மைத் தரவு

2024 செப்டம்பர் 10 அன்று பிளேஸ்டேஷன் 5 புரோவை மார்க் செர்னி அறிமுகப்படுத்தினார். நமக்கு இரவு 11 மணி. ஏறக்குறைய ஒன்பது நிமிடம். சர்க்கஸ் இல்லை, நண்டு இல்லை, கட்டிப்பிடித்தல் இல்லை. ஒரே விளையாட்டைப் பாதி பழைய இயந்திரத்திலும் பாதி புதியதிலும் ஓட்டிப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்கள். மாமாக் கடை மேசையில் அது முற்றிலும் ஒரே படம் என்று ஒரு கட்சியும், தூரத்து மரத்தில் இலை தெரிகிறது என்று இன்னொரு கட்சியும் உருவாயின. தண்ணீரே இல்லாத பால் இது, 1995க்குப் பிறகு கிடைத்த மிகச் சிறந்த மாதிரி என்று இக்கட்டுரையாளர் தாளில் எழுதிக்கொண்டிருக்கும்போது விலை விழுந்தது: 699.99 டாலர். அன்றைய மாற்றில் மூவாயிரம் வெள்ளியைத் தாண்டும். அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி. இரண்டு மாதம் உண்ணாமல் உடுக்காமல் இருந்தாலும் கொஞ்சம் துண்டு விழும்.

பெரியப்பா விலையைக் கேட்டு அசரவில்லை. தட்டு எங்கே போடுவது என்று கேட்டார். தட்டு போடும் பகுதி பெட்டிக்குள் இல்லை, அதைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும், நிமிர்த்தி வைக்கும் தாங்கியும் தனி, என்று சொன்னோம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மரத்த வித்துட்டு மங்கத் தனியா விக்கிறானா? சரி, உளியாவது உள்ள வச்சிருக்கானான்னு பாரு."

உளி உள்ளே இருக்கிறது என்று உறுதி செய்தோம். ஒன்றே ஒன்று.